கொடைக்கானலைக் கண்டுபிடித்தது யாருங்க?

போன தடவை ஜி.எஸ்.டி. பற்றி எழுதி பாதிப் பேரைத் தூங்க வைத்துவிட்டேன் என்று வகுப்பில் ஒரே புகார். அதற்குப் பரிகாரமாக இந்தத் தடவை வரலாறு. (வரலாறு என்றாலும் தூக்கம் வரும் என்பவர்கள் நேராகக் கடைசிக்குப் போய் பூண்டு பற்றி மட்டும் படித்துவிட்டு ஓடிவிடலாம்.) கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறையில் வீட்டோடு கொடைக்கானல் போய் வந்தோம். ஆச்சி, அப்பா அம்மா, பெரியப்பா குடும்பம், அத்தை குடும்பம் என்று பதினோரு பேர், ஒரே வேன். சங்கரன்கோவிலில் கிளம்பி ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், மதுரை, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக மேலே ஏறி, கடைசியில் பூம்பாறை வரை. மதுரையிலிருந்து நேராக வத்தலக்குண்டு போகாமல் திண்டுக்கல் சுற்றியதற்கு ஒரே காரணம் பிரியாணி. அதை வரலாற்றுக் காரணம் என்று சொல்ல முடியாது.

மலை ஏறும்போது பெரியப்பா ஒரு வார்த்தை சொன்னார். "வெள்ளக்காரன் மட்டும் வரலேன்னு வையி, இங்க இப்படி ஒரு மலை இருக்குன்னே நம்மாளுக்குத் தெரிஞ்சிருக்காதுடே." வேனில் எல்லாரும் தலையாட்டினார்கள். சுற்றுலாக் கையேடுகளும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கின்றன. 1821-ல் லெப்டினன்ட் வார்டு சர்வே எடுத்தார், 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் பங்களா கட்டினார்கள், 1863-ல் லெவிஞ்ச் ஏரி வெட்டினார், முடிந்தது கதை. அதற்கு முன்னால் வெறும் பனிமூட்டம்!

எனக்கு அது சரியாகப் படவில்லை. பெரியவர்களிடம் வேனுக்குள் வாதாட முடியாது, வாந்தி வேறு வருகிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கீழே இருந்து ஆரம்பிப்போம். மலையில் எழுதப்பட்ட வரலாறு குறைவு, ஊர்களில் அதிகம். ஆனால் ஊர்களில் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் மலைக்கு ஆட்கள் ஏன் போனார்கள் என்பது புரியும்.

நம்ம ஊரிலிருந்தே தொடங்கலாம். சங்கரன்கோவில் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஆடித்தபசு, புற்றுமண், மல்லிகைப்பூ மார்க்கெட். பக்கத்திலேயே நெற்கட்டும்செவல் இருக்கிறது, பூலித்தேவரின் ஊர். 1755-ல் கர்னல் ஹெரான் கம்பெனிப் படையோடு வந்து அந்தக் கோட்டையை அசைக்க முடியாமல் திரும்பிப் போனார். (இதே ஹெரான்தான் மதுரைக்குப் பக்கத்தில் கோயிற்குடியில் சாமி சிலைகளைச் சுருட்டிக்கொண்டு போனவர். நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்துச் சிலைகளை மீட்டார்கள். ஹெரானுக்குக் கடைசியில் ராணுவ விசாரணை நடந்து வேலை போனது.) பிறகு 1761-ல் யூசுப்கான், அதாவது மருதநாயகம், பீரங்கிகளோடு வந்து நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளைப் பிடித்தார். பூலித்தேவர் சங்கரன்கோவில் கோயிலுக்குள் போய் மறைந்துவிட்டார் என்பது நம்ம ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை.

அந்த யூசுப்கான் என்ன ஆனார்? மூன்றே வருடம். தன்னை வளர்த்துவிட்ட கம்பெனியையும் ஆற்காடு நவாபையும் எதிர்த்து மதுரைக் கோட்டைக்குள் இருந்துகொண்டு சண்டை போட்டார். முற்றுகை மாதக்கணக்கில் நீண்டது. கடைசியில் கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுக்க, 1764 அக்டோபர் 15-ல் தூக்கிலிட்டார்கள். மதுரை சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கமான இடத்தில் பள்ளிவாசல் இருக்கிறது. நம்ம கோட்டையை இடித்தவருக்கு மதுரையில் இப்படி ஒரு முடிவு. நான் அங்கே இறங்கிப் பார்க்கலாம் என்றேன். வீட்டில் யாருக்கும் ஆர்வமில்லை, மீனாட்சி அம்மன் கோயிலில் நடை சாத்திவிடுவார்களாம்.

மதுரையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. ஆனால் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இன்று மதுரைக்குப் போகிறவர்கள் கோட்டை எங்கே என்று கேட்பதே இல்லை. நாயக்கர் காலத்தில் ஊரைச் சுற்றிக் கோட்டைச் சுவர், அகழி, 72 கொத்தளங்கள். ஒவ்வொரு பாளையக்காரருக்கும் ஒரு கொத்தளம் பொறுப்பு. 1840-ஐ ஒட்டிய வருடங்களில் கலெக்டர் பிளாக்பர்ன் அந்தச் சுவரை இடித்தார். எப்படி இடித்தார் என்பதுதான் காமர்ஸ் படிக்கிற எனக்குப் பிடித்த இடம். அரசாங்கப் பணத்தைக் கொட்டி ஆள் வைத்து இடிக்கவில்லை. "நீ இடித்து அகழியைத் தூர்த்தால் அந்த மனை உனக்கு" என்று மக்களையே இறக்கிவிட்டார். அப்படிக் கிடைத்த இடத்தில் வந்தவைதான் வெளி வீதிகள். பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி எல்லாம் அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்கள். பிளாக்பர்னுக்கு நன்றி சொல்லி நட்ட விளக்குத்தூணை இன்றும் ஜவுளி வாங்கப் போகிறவர்கள் தாண்டித்தான் போகிறார்கள்.

திருமலை நாயக்கர் மஹாலும் இதே மாதிரி. 1636-ல் கட்டியது. நாம் பார்ப்பது மிச்சம் மட்டும்தான், பழைய அரண்மனையில் கால்வாசி என்கிறார்கள். பேரன் சொக்கநாத நாயக்கரே பாதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். எஞ்சியதை 1866-க்குப் பிறகு கவர்னர் நேப்பியர் பழுதுபார்த்தார். ஆக, கட்டியதும் நம்மாள், பிரித்ததும் நம்மாள், ஒட்டுப்போட்டது வெள்ளைக்காரர். இந்த வரிசை மலைக்கும் பொருந்தும் என்று பெரியப்பா நினைத்துக்கொள்கிறார் போல.

திண்டுக்கல் பற்றி ஒரு பத்தி. அந்தப் பாறை மேல் 1605-ல் மதுரை நாயக்கர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை. மைசூர்க்காரர்கள் கையில் வந்த பிறகு, 1755 வாக்கில் ஹைதர் அலி அங்கே பௌஜ்தாராக இருந்துதான் பெரிய ஆளானார். 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு வேலு நாச்சியார் ஓடி வந்தது இந்தப் பக்கம்தான். பழனி மலை அடிவாரத்தில் இருக்கும் விருப்பாச்சியில் கோபால் நாயக்கர் அடைக்கலம் கொடுத்தார். எட்டு வருடம் கழித்து 1780-ல் ஹைதர் உதவியோடு சிவகங்கையைத் திரும்பப் பிடித்தார் நாச்சியார். அடைக்கலம் கொடுத்த கோபால் நாயக்கரை 1801-ல் கம்பெனி தூக்கில் போட்டது.

இந்த இடத்தில் மேப்பை எடுத்துப் பாருங்கள். தாராபுரம், பழனி, திண்டுக்கல், மதுரை, பெரியகுளம். நடுவில் எழுந்து நிற்பது பழனி மலைத்தொடர், அதன் உச்சியில் கொடைக்கானல். சுற்றியிருக்கும் சமவெளியில் இருநூறு முந்நூறு வருடமாக மாற்றி மாற்றிப் படை போகிறது. நாயக்கர், மைசூர், மராட்டியர், நவாப், கம்பெனி. படை போகிற வழியில் விளைச்சல் நிற்காது, வரி மட்டும் நிற்கும். இடையிடையே பஞ்சம் வேறு. அந்த நேரத்தில் ஒரு சம்சாரி என்ன செய்வான்?

மேலே போவான். மேல்மலைக் கிராமங்களான பூம்பாறை, வில்பட்டி, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கூக்கல் இங்கெல்லாம் வாழும் குன்னுவர்களின் பழங்கதை இதைத்தான் சொல்கிறது. மூன்று நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னால் கொங்குச் சமவெளியில் பஞ்சமும் சண்டையும் வந்தபோது மலை ஏறியவர்கள் நாங்கள் என்கிறார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிய மதுரை மாவட்ட நூல்களிலேயே இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. ஏறி வந்தவர்களுக்கு முன்பே அங்கே பளியர்களும் புலையர்களும் இருந்தார்கள். அவர்களிடம் "நீங்கள் எப்போது வந்தீர்கள்" என்று கேட்டு எழுதி வைத்தவர்கள் குறைவு. அதனால் அவர்கள் கதை இன்னும் மெலிசாக இருக்கிறது.

குன்னுவர் வருகைதான் ஆரம்பமா? அதுவும் இல்லை. செண்பகனூரில் 1895-ல் இயேசு சபையினர் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அங்கிருந்த ஆங்கிலேட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் மலை முழுக்க அலைந்து கல்திட்டைகளைத் தேடிக் குறிப்பெடுத்தார்கள். பெரிய பெரிய பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடியாகப் போட்ட பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். அவர்கள் எழுதியதை 1928-ல் தொல்லியல் துறை புத்தகமாகப் போட்டது. கீழ்மலையில் தாண்டிக்குடியில் பிறகு நடந்த அகழாய்வில் பெருங்கற்காலக் கல்லறைகளும் சூதுபவள மணிகளும் கிடைத்தன. சூதுபவளம் இந்த மலையில் விளைகிற பொருள் இல்லை. யாரோ கொண்டு வந்திருக்கிறார்கள், யாரோ எதையோ கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். மிளகு ஏலக்காய் விளைகிற மலை. என் பாடத்துக்கு இது போதும்: வியாபாரம் இருந்திருக்கிறது. ஆளே இல்லாத மலையில் வியாபாரம் நடக்காது.

இன்னொரு ஆதாரம் எல்லாருக்கும் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன். கடையெழு வள்ளல்களில் ஒருவன், பழனி மலை நாட்டுத் தலைவன். மயிலுக்குக் குளிருமே என்று போர்வையைக் கழற்றிக் கொடுத்தது நடந்ததோ இல்லையோ, அந்த மலையில் குளிரும் என்பது வார்டு துரைக்கு ஆயிரத்து எழுநூறு எண்ணூறு வருடம் முன்பே தமிழ்நாட்டுக்குத் தெரிந்திருக்கிறது :-)

சரி, வார்டுக்கு வருவோம். 1821-ல் பி.எஸ். வார்டு மலையை அளக்க வந்தபோது பெரியகுளம் பக்கமிருந்து வெள்ளகவி வழியாக ஏறினார் என்று கொடைக்கானல் வரலாறு எழுதுகிற எல்லாரும் சொல்கிறார்கள். வெள்ளகவி என்பது என்ன? ஊர்! கோயிலும் வீடும் வயலுமாக மலைச்சரிவில் இருக்கும் ஊர். அங்கே செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு பிரபலம். ஒரு ஊருக்குள் நுழைந்து அந்த ஊர்க்காரர்கள் போகிற பாதையில் ஏறிப் போய் ஒருவர் ஒரு மலையைக் "கண்டுபிடிக்கிறார்". நான் நாளைக்கு சுவிட்சர்லாந்து போய் ஆல்ப்ஸைக் கண்டுபிடித்தேன் என்று இங்கே பதிவு போட்டால் நீங்கள் சும்மா விடுவீர்களா?

ஆல்ப்ஸ் என்று சும்மா இழுக்கவில்லை. கொடைக்கானலை எதற்கெடுத்தாலும் சுவிட்சர்லாந்தோடு ஒப்பிடுகிறார்களே, அதனால் அந்தக் கதையையும் கொஞ்சம் தேடிப் படித்தேன். ஆச்சரியமாக அங்கேயும் இதே மேட்டர்தான். 1863-ல் தாமஸ் குக் என்ற இங்கிலாந்துக்காரர் முதல் தடவையாகச் சுற்றுலாக் கூட்டத்தை சுவிட்சர்லாந்துக்குக் கூட்டிப் போனார். அதே 1863-ல் இங்கே கலெக்டர் லெவிஞ்ச் ஏரி அமைக்கிறார்! 1865 ஜூலை 14-ல் மாட்டர்ஹார்ன் சிகரத்தில் முதலில் ஏறியவர் எட்வர்டு விம்பர் என்று பொது அறிவுப் புத்தகத்தில் வரும். ஏறியவர்கள் ஏழு பேர். இறங்கும்போது நாலு பேர் விழுந்து செத்துப்போனார்கள். உயிரோடு இறங்கிய மூன்று பேரில் விம்பரைத் தவிர மற்ற இரண்டு பேர் செர்மாட் கிராமத்து வழிகாட்டிகள், டாக்வால்டர் என்ற அப்பாவும் மகனும். பரீட்சையில் அவர்கள் பெயரைக் கேட்க மாட்டார்கள்.

அந்த மலைக் கிராமங்களும் நேற்று முளைத்தவை இல்லை. 12, 13-ம் நூற்றாண்டுகளில் ரோன் ஆற்றின் மேல்பள்ளத்தாக்கிலிருந்து வால்சர் என்ற மக்கள் கணவாய் தாண்டிப் போய், யாரும் விவசாயம் செய்யாத உயரத்தில் குடியேறினார்கள். அவ்வளவு உயரத்தில் நிலத்தைத் திருத்துகிறவனுக்கு நிலப்பிரபுக்கள் சில சுதந்திரங்களைக் கொடுத்தார்கள், அந்தச் சலுகைக்காகப் பனியைத் தாங்கிக்கொண்டு இருந்தார்கள். குன்னுவர் கதையோடு அப்படியே ஒட்ட வைக்க முடியாது, காரணங்கள் வேறு. ஆனாலும் கீழே இருக்கிற அதிகாரத்துக்கு எட்டாத உயரம் என்ற கணக்கு இரண்டிலும் இருக்கிறது. (இன்னொரு விஷயம். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் பிழைக்க ஓடிய தமிழர்களில் பெரிய கூட்டம் சுவிட்சர்லாந்தில்தான் சேர்ந்தது. இன்று ஐம்பதாயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். மலைக்குத் தப்பிப் போவது பழைய கதை மட்டும் இல்லை.)

மிஷனரிகள் கதையும் ஒரு வகையில் தப்பிப் போன கதைதான். யாழ்ப்பாணத்தில் இருந்த அமெரிக்க மிஷனின் கிளையாக 1834-ல் மதுரைக்கு வந்தார்கள். வந்த சில வருடங்களிலேயே காலராவிலும் காய்ச்சலிலும் பலரைப் பறிகொடுத்தார்கள், குழந்தைகளையும் சேர்த்து. கொசுதான் காரணம் என்று ரொனால்ட் ராஸ் நிரூபித்தது 1897-ல். அதுவரை கெட்ட காற்று என்றே நம்பினார்கள், மலேரியா என்ற சொல்லுக்கே அதுதான் அர்த்தம். முதலில் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலைக்குப் போனார்கள், அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. அப்புறம்தான் 1845-ல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்கள். ஆக கொடைக்கானல் ஊர் உருவானது பிக்னிக் ஆசையில் இல்லை, பிள்ளைகளைப் புதைத்த பயத்தில். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மதுரையில் அதே காலராவில் செத்த மதுரைக்காரர்களுக்கு எந்த மலையிலும் பங்களா இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன், அவ்வளவுதான்.

1845-ல் அவர்கள் எப்படி மேலே போனார்கள்? நடந்தா? இங்கேதான் எனக்குச் சொந்த விவகாரம் ஒன்று இருக்கிறது.

1875-ல் ரயில் வந்த பிறகு அம்மையநாயக்கனூரில் (இன்றைய கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன்) இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை வந்து, அங்கிருந்து பன்னிரண்டு மைல் அளவுக்கு மலைப்பாதை. குதிரை உள்ளவர்கள் குதிரையில். பெண்கள், குழந்தைகள், நோயாளிகள் நாற்காலியில். நாற்காலிக்குக் கால் முளைக்காது, ஆள்தான் தூக்க வேண்டும். அந்தப் பாதைக்குப் பெயரே கூலி காட். வத்தலக்குண்டு வழி மலைச்சாலை மேஜர் லா என்பவர் பெயரில் லாஸ் காட் என்று தொடங்கி, மோட்டார் போகிற அளவுக்கு முடிந்தது 1910-களில்தான். கிட்டத்தட்ட எழுபது வருடம் பியானோ, கண்ணாடி ஜன்னல், கட்டில், மாவு மூட்டை, துரைசானி எல்லாம் மனிதர் தோளில்தான் ஏறியிருக்கின்றன.

ஆச்சி பிறந்தது பெரியகுளம் பக்கம், கட்டிக்கொடுத்தது நம்ம ஊரில். மலையில் வேனை விட்டு இறங்கியதும் ஆச்சி சாதாரணமாகச் சொன்னாள்: "எங்க தாத்தா சின்ன வயசுல இந்த மலைக்குத்தாம்யா சுமை தூக்கப் போவாராம். வெள்ளக்காரிய நாக்காலில வச்சித் தூக்கிட்டுப் போனா ஒரு நாள் கூலி, இறங்கி வரும்போது தோள் வீங்கிக் கெடக்குமாம்." அவ்வளவுதான் ஆச்சிக்குத் தெரிந்தது. தாத்தாவின் பெயர் கேட்டேன், சொன்னாள். கூலி எவ்வளவு, எத்தனை வருடம் போனார், கூட யார் யார் போனார்கள், ஒன்றும் தெரியாது. அவர் தூக்கிக்கொண்டு போன பங்களாக்காரர்களின் பெயர்களுக்கு மட்டும் கொடைக்கானலில் தெருப் பலகை, கல்லறைக் கல்வெட்டு, சர்ச் சுவரில் பளிங்குப் பலகை எல்லாம் இருக்கிறது. ஏரிக்கரையில் லெவிஞ்ச் பெயர் இருக்கிறது. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அங்கேயே தங்கி, தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்து ஏரியில் விட்டார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தூத்துக்குடியிலிருந்து மலையடிவாரம் வரை வண்டி. அதற்கு மேல் அந்தப் படகு எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

லெவிஞ்ச் செய்ததைச் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஏரி நன்றாகத்தான் இருக்கிறது, நானும் மிதிபடகு விட்டேன். பேரிக்காய், பிளம்ஸ் எல்லாம் ஐரோப்பியர்கள் கொண்டு வந்தவை, மலைக்காரர்கள் அதில் சம்பாதிக்கவும் செய்தார்கள். ஊரை உண்டாக்கினார்கள் என்பது சரி. மலையைக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் தப்பு.

மலைக்கும் சமவெளிக்கும் இருக்கும் உறவுக்கு இன்னொரு நல்ல சாட்சி சோலார் அப்சர்வேட்டரி. 1876-78 தாது வருஷப் பஞ்சம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். மதுரையில் வடக்கு ஆவணி மூல வீதியில் குஞ்சரம்மாள் என்ற தாசி சொத்தை எல்லாம் விற்றுக் கஞ்சி ஊற்றினாள் என்று இன்றும் சொல்வார்கள். அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு அரசாங்கத்துக்கு ஒரு யோசனை. சூரியனில் தெரியும் கரும்புள்ளிக்கும் மழைக்கும் சம்பந்தம் இருக்கிறதா? இருந்தால் பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லலாமே? அதற்காக மேகம் குறைந்த உயரமான இடம் தேடி, 1899-ல் கொடைக்கானலில் அப்சர்வேட்டரி ஆரம்பித்தார்கள். 1901-லிருந்து சூரியனைப் பார்க்கிறார்கள். 1909-ல் ஜான் எவர்ஷெட் அங்கே இருந்துதான் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார், உலகம் முழுக்க அது எவர்ஷெட் விளைவு. நூறு வருடத்துக்கு மேல் எடுத்த சூரியப் படங்கள் அங்கே இருக்கின்றன. பஞ்சத்தை முன்கூட்டிச் சொல்லும் வித்தை மட்டும் கைகூடவில்லை. எங்கள் வேனில் பாதிப் பேர் அங்கே இறங்கவில்லை. "சூரியனைப் பாக்கவா கொடைக்கானல் வந்தோம், அது சங்கரன்கோவில்லயே தெரியும்லா" என்றாள் அத்தை. பதில் சொல்ல முடியவில்லை.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலையும் சொல்லாமல் விட முடியாது. 1936-ல் அதைக் கட்டியவர் லீலாவதி ராமநாதன். பிறப்பால் வெள்ளைக்காரப் பெண்மணி, யாழ்ப்பாணத்து சர் பொன்னம்பலம் ராமநாதனை மணந்து சைவரானவர். யாழ்ப்பாணத்திலிருந்து மிஷனரிகள் இங்கே வந்து சர்ச் கட்ட, யாழ்ப்பாணத்து வீட்டு மருமகளான வெள்ளைக்காரப் பெண்மணி இங்கே வந்து முருகனுக்குக் கோயில் கட்டியிருக்கிறார். வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது. அடுத்தது 2030. அப்போது எனக்கு வேலை கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை பதினெட்டு கிலோமீட்டர் அளவு. போகிற வழியெல்லாம் பைன், வாட்டில், தைல மரம். அழகாக இருக்கிறது என்று எல்லாரும் இறங்கிப் போட்டோ எடுக்கிறார்கள். அந்த மூன்றுமே வெளிநாட்டு மரங்கள், மேல்மலையில் புல்வெளியும் சோலைக்காடும் இருந்த இடத்தில் போன நூற்றாண்டில் நட்டவை. மழைத்தண்ணீரைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்து மெதுவாக விட்டது அந்தப் புல்வெளி. அது போய் ஊற்று வற்றுகிறது என்று மலைக்காரர்கள் சொன்னால் அதைக் கேட்க வேண்டியது கீழே தண்ணீர் குடிக்கிற நாம்தான். கூட்டத்தைக் கணக்கெடுக்க உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. நாங்களும் போனிலேயே எடுத்தோம். 2001-ல் மூடிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு விவகாரமும் அந்த மலைக்கதையில் உண்டு. 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது 2016-ல், பதினைந்து வருடம் கழித்து. அது தனிப் பதிவுக்கான சமாச்சாரம்.

பூம்பாறையை மேலேயிருந்து பார்த்தால் சரிவு முழுக்கப் படிப்படியாக வயல். நடுவில் நெருக்கமாக வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில். ஒவ்வொரு படியும் கல்லடுக்கி மண்நிரப்பி உண்டாக்கியது. மழை அடித்தால் சரியும், திரும்பக் கட்ட வேண்டும். யாருடைய பெயரும் எழுதாத கட்டடம் என்றால் இதுதான். மதுரை மஹாலைவிட எனக்கு இது பெரிதாகப் பட்டது. மஹாலைக் கட்டிய வேகத்தில் பிரித்தார்கள், இதை இன்னும் பராமரிக்கிறார்கள்.

இப்போது பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருடம்தான் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும். நமது பிசினஸ் லா பேப்பரில் வருகிற 1999-ம் வருடச் சட்டம் இதுதான் மக்களே, இந்தக் கேள்வி வந்தால் பூம்பாறையை உதாரணமாக எழுதுங்கள். டிரேட் மார்க் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். புவிசார் குறியீடு அந்த வட்டாரத்தில் அதை விளைவிக்கிற எல்லாருக்கும் பொது. பத்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதாவது "இந்த மண்ணில் இதை விளைவித்தவர்கள் இவர்கள்" என்று சட்டம் எழுதிக் கொடுக்கிறது. கல்வெட்டு கிடைக்காத ஊருக்கு ஒரு பதிவு எண்ணாவது கிடைத்திருக்கிறது.

ஆனால் பேப்பரில் உரிமை இருப்பது ஒன்று, விலை கிடைப்பது வேறு. வெளியூர்ப் பூண்டை "மலைப்பூண்டு" என்று கூவி விற்பதைச் சமவெளியில் எல்லா ஊர்ச் சந்தையிலும் பார்க்கலாம். வித்தியாசம் தெரிந்தவர் எத்தனை பேர்? பூம்பாறையில் பூண்டு காய வைத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் குறியீடு வந்ததால் என்ன மாற்றம் என்று கேட்டேன். "போட்டோ எடுக்க ஆளுக வர்றாங்க தம்பி" என்றார். பெரியப்பா பேரம் பேசப் பார்த்தார், அந்த அக்கா ஒரு ரூபாய் குறைக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வெள்ளகவிப் பாதையில் இன்றும் ஆட்கள் போகிறார்கள். வட்டக்கானலில் தொடங்கி, வெள்ளகவி வழியாகக் கும்பக்கரையில் இறங்கும் மலைநடை இளவட்டங்களிடம் பிரபலம். வழி தெரியாமல் போனால் மாட்டிக்கொள்வோம் என்பதால் உள்ளூர்ப் பையன் ஒருவனைக் கூலி பேசிக் கூட்டிக்கொண்டுதான் போகிறார்கள். செமஸ்டர் முடிந்ததும் நானும் நாலு நண்பர்களும் அந்தப் பாதையில் நடந்து இறங்குவதாகத் திட்டம். ஆச்சியின் தாத்தா ஏறிய கூலி காட் எந்த இடத்தில் பிரிகிறது என்று அங்கே யாரிடமாவது கேட்க வேண்டும். வருகிறவர்கள் சொல்லுங்கள், ஊருக்குள் நுழையும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.